எடை குறைக்கும் ஊசி: ஆறு மாதத்துக்குப் பணம் இருந்தால் போதுமா?

நீங்கள் எழுதியதை இரண்டு மூன்று தடவை படித்தேன். வயது 41, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், எடை 92 கிலோ, ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2. டாக்டர் மவுன்ஜாரோ (டிர்செபடைடு என்ற மருந்து உள்ள ஊசி) எழுதிக் கொடுத்திருக்கிறார், மருந்துக்கடையில் மாதம் 14,000 ரூபாய் என்றார்கள். கணவரின் கம்பெனி இன்சூரன்ஸில் இந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் ஆறு மாதம் மட்டும் போட்டுக்கொண்டு நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது என் ஒருத்திக்காக இவ்வளவு செலவு செய்வது நியாயமா, நடந்தாலே குறையுமே என்று அத்தை சொல்கிறாரே என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்டது அந்த வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், அதனால் கொஞ்சம் நீளும்.

நான் பொது மருத்துவம் படித்துவிட்டுப் புரசைவாக்கத்தில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் பல வருடம் வேலை பார்த்தேன், அதன்பிறகு இன்சூரன்ஸ் க்ளெய்ம்களைப் பரிசீலிக்கும் ஒரு டி.பி.ஏ.வில் மருத்துவராக இருந்தேன். மருந்து எழுதுகிற பக்கமும் பில்லுக்குப் பணம் தருவதா வேண்டாமா என்று பார்க்கிற பக்கமும் எனக்குத் தெரியும். உங்களை நேரில் பார்க்காமல் இந்த ஊசி உங்களுக்கு வேண்டும், வேண்டாம் என்று நான் சொல்லக் கூடாது, அது உங்கள் டாக்டரின் பொறுப்பு. பணமும் மருந்தும் எந்த இடத்தில் ஒன்றை ஒன்று பாதிக்கின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் இன்சூரன்ஸ். கிடைக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். நம் ஊரில் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் அட்மிட் ஆனால் ஆகும் செலவுக்கானவை. வீட்டில் வாரம் ஒரு தடவை நீங்களே போட்டுக்கொள்ளும் ஊசி அதற்குள் வராது, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கே மாதாந்திர மருந்துச் செலவு அப்படி வருவதில்லை. எடை விஷயத்தில் இன்னொரு ஷரத்தும் இருக்கிறது. காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்துக் கொடுத்த விலக்குகளில் ஆறாவது உடல் பருமன் பற்றியது. அதன்படி எடைக்கான அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடைக்க வேண்டுமென்றால் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 35க்கு மேல் இருந்து, கூடவே இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்குள் வராத சர்க்கரை மாதிரி ஏதாவது ஒன்று இருக்க வேண்டும், மற்ற வழிகளை முயன்று பலன் இல்லாமலும் போயிருக்க வேண்டும். உங்கள் பி.எம்.ஐ. 37 வருகிறது. ரத்த அழுத்தம் மட்டும் இருப்பது அந்தப் பட்டியலில் இல்லை. ராத்திரி சத்தமாகக் குறட்டை விடுகிறீர்கள், பகலில் தூங்கித் தூங்கி விழுகிறீர்கள் என்றால் தூக்கப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பாலிசிக்காகச் சொல்லவில்லை, அந்த மூச்சுத்திணறல் இருந்தால் அதுவே ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருக்கும், தனியாக வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம் அது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘சர்க்கரை நோய் என்று எழுதிக் கொடுங்கள் டாக்டர், க்ளெய்ம் ஆகிவிடும்’ என்று கேட்கச் சொல்லி யாராவது உங்களுக்கு யோசனை சொல்லுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உங்களுக்கு இருப்பது சர்க்கரைக்கு முந்தைய நிலை, மூன்று மாதச் சராசரி 5.7 முதல் 6.4 வரை அப்படித்தான் கணக்கு. சர்க்கரை நோயாளி என்று ஒரு சீட்டில் ஏறிவிட்டால் அது உங்களோடு கூடவே வரும். நாளைக்குக் கணவர் வேலை மாறி, கம்பெனி பாலிசி போய், நீங்கள் சொந்தமாக ஒரு பாலிசி எடுக்கும்போது ஏற்கெனவே இருந்த நோய் என்று மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் போடுவார்கள், பிரீமியமும் ஏறும். நீங்கள் அதைச் சொல்லாமல் விட்டால் மறைத்ததாக எடுத்துக்கொண்டு வேறு ஏதோ பெரிய சிகிச்சையின் க்ளெய்மை நிறுத்துவார்கள். அப்படிப்பட்ட கோப்புகளை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பழைய சீட்டில் யாரோ உதவி செய்வதாக நினைத்து எழுதிய ஒரு வரி, அதை வைத்துப் பல வருடம் கழித்து ஒரு குடும்பத்துக்கு லட்சக்கணக்கில் மறுப்பு. அதற்கு முன்னால் சில மாத ஊசிக்கான பணம் ஒன்றுமே இல்லை.

கம்பெனி பாலிசியில் ஒரே ஒரு வாசல் இருக்கிறது. குழுக் காப்பீட்டின் விதிகளைக் கம்பெனி பேசி மாற்றிக்கொள்ள முடியும், சில இடங்களில் ஓ.பி. செலவுக்கென்று, அதாவது அட்மிட் ஆகாமல் பார்க்கும் வைத்தியத்துக்கென்று, தனியாக வருடத்துக்கு ஒரு தொகை வைத்திருப்பார்கள். அதனால் உங்கள் கணவர் எச்.ஆர்.இடம் ‘ஓ.பி. பயனில் மருந்துக்கடை பில் சேருமா, எடைக்காக எழுதப்பட்ட மருந்துக்கு விலக்கு இருக்கிறதா, மனைவிக்கும் அது பொருந்துமா’ என்று எழுத்தில் கேட்கட்டும். வாய்வார்த்தையாக ‘கிடைக்கும் மேடம்’ என்று சொன்னதை நம்பி வாங்கிவிட்டு பில்லோடு வந்து நின்றவர்கள் நிறைய. கிடைத்தாலும் அந்த ஓ.பி. தொகை ஒரு மாத ஊசிக்கோ இரண்டு மாதத்துக்கோதான் காணும்.

அரசு பக்கம் பார்த்தால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை தருகிறது, ஆனால் அதுவும் மருத்துவமனையில் செய்யும் சிகிச்சைகளுக்குத்தான், வருமான வரம்பும் உண்டு. மருந்துக்கடையில் மாதாமாதம் வாங்கும் ஊசிக்கு அதில் இடமில்லை. வருமான வரியில் மருத்துவக் காப்பீட்டுக்கான கழிவு பெரும்பாலும் பிரீமியத்துக்குத்தான், உங்கள் வயதில் மருந்து பில்லைக் காட்டிக் கழிக்க முடியாது. ஆக, பணம் கட்டப்போவது நீங்களும் உங்கள் கணவரும்தான். இதைத் தெளிவாக ஏற்றுக்கொண்டு கணக்குப் போடுவது நல்லது.

கணக்கு என்றதும் எல்லோரும் தவறவிடும் இரண்டு விஷயங்கள். ஒன்று, கடையில் சொன்ன 14,000 ஆரம்ப அளவுக்கான விலை. மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் இங்கே வந்தபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. குப்பி 4,375 ரூபாய். வாரம் ஒன்று, நான்கு வாரத்துக்கு முறையே 14,000, 17,500. இந்த 2.5 மி.கி. உடம்பைப் பழக்குவதற்கு மட்டும்தான், நான்கு வாரம் முடிந்ததும் 5க்குப் போக வேண்டும், தேவைப்பட்டால் அதற்கு மேலும் படிப்படியாக 15 வரை. அதே வருடம் ஆகஸ்டில் நான்கு வார மருந்து அடங்கிய பேனா வடிவ ஊசி வந்தபோது மேல்மட்ட அளவுக்கு மாதம் 27,500 வரை விலை வைத்தார்கள். இன்னொன்று, ஒரு பேனா நான்கு வாரத்துக்குத்தான், காலண்டர் மாதத்துக்கு இல்லை. வருடத்துக்கு 52 வாரம், அப்படியென்றால் 13 பேனா. நீங்கள் 5 மி.கி.யிலேயே நின்றால்கூட முதல் வருடம் 14,000 கூட்டல் பன்னிரண்டு 17,500, மொத்தம் 2,24,000 ரூபாய். 2025 செப்டம்பரில் மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாக இறங்கியது, விலைகளும் மாறிக்கொண்டிருக்கின்றன, அதனால் இன்றைய விலையைக் கடையில் கேட்டு இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். ரத்தப் பரிசோதனை, டாக்டர் ஃபீஸ் எல்லாம் இதற்கு மேல்.

இனி ஆறு மாதக் கேள்வி. இது எனக்கு மிகவும் முக்கியமான இடம், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேருடைய பணம் வீணாகிறது. இந்த மருந்து கொழுப்பைக் கரைப்பதில்லை. பசியையும் வயிறு நிறைந்த உணர்வையும் நடத்தும் குடல் ஹார்மோன்களைப் போல நடித்து, சாப்பாட்டைப் பற்றிய ஓயாத நினைப்பை மூளையில் தணிக்கிறது, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. மருந்து உடம்பில் இருக்கும்வரைதான் அந்த வேலை. டிர்செபடைடை வைத்துச் செய்த ஒரு ஆய்வில் எல்லோருக்கும் 36 வாரம் ஊசி போட்டார்கள், சராசரியாக 20.9 சதவீத எடை குறைந்தது. பிறகு பாதிப் பேருக்கு அவர்களுக்கே தெரியாமல் மருந்து இல்லாத வெற்று ஊசிக்கு மாற்றினார்கள். 88ஆவது வாரம் வரும்போது மாற்றப்பட்டவர்கள் 14 சதவீதம் ஏறியிருந்தார்கள், தொடர்ந்து போட்டவர்கள் இன்னும் 5.5 சதவீதம் குறைந்திருந்தார்கள். இதே வகையைச் சேர்ந்த இன்னொரு மருந்தான செமாக்ளூடைடிலும் இதே கதைதான், நிறுத்தி ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது, ரத்த அழுத்தத்தில் கிடைத்த பலனும் பெரும்பாலும் போனது. இது நன்றாக நிரூபணமான விஷயம், சந்தேகப்பட இடமில்லை. அதாவது ரத்த அழுத்த மாத்திரையை எப்படி நினைக்கிறீர்களோ அப்படி நினைக்க வேண்டிய மருந்து இது. ஆறு மாதப் பணம் கட்டி ஆறு மாதப் பலனை வாங்குகிறீர்கள், அவ்வளவுதான்.

அதைவிட மோசமானது விட்டு விட்டுப் போடுவது. கிளினிக்கில் இருந்தபோது ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் இதைப் பார்ப்பேன். பள்ளிக் கட்டணம் கட்டியதும் வீட்டில் முதலில் நிற்பது அம்மாவின் மருந்து. அப்பாவுக்கு இதய மாத்திரை நிற்காது, பிள்ளைக்கு டியூஷன் நிற்காது, ‘எனக்கு என்ன, அடுத்த மாதம் வாங்கிக்கொள்கிறேன்’ என்று அந்த அம்மா மட்டும் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவார். அப்போது அது 5 ரூபாய், 10 ரூபாய் மாத்திரை. இந்த ஊசியில் அப்படிச் சில வாரம் விட்டுவிட்டால் பழைய அளவிலேயே திரும்பத் தொடங்க முடியாது, வாந்தியும் வயிற்றுப் பிரட்டலும் பிடுங்கிவிடும் என்பதால் பெரும்பாலும் டாக்டர் மறுபடி கீழிருந்து ஏற்றச் சொல்வார். படி ஏறுவதற்காகக் கட்டிய பணமும் பட்ட அவஸ்தையும் போனது போனதுதான். அதனால் ஊசியைத் தொடங்குமுன் கேட்க வேண்டியது, இந்த மாதம் 14,000 இருக்கிறதா என்பதில்லை. ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், தீபாவளி, வீட்டில் ஒரு கல்யாணம், கணவருக்கு வேலை மாறும் இரண்டு மாதம் இவையெல்லாம் வந்தாலும் குறைந்தது இரண்டு வருடம் இடைவெளி இல்லாமல் இந்தச் செலவைத் தாங்க முடியுமா என்பது. முடியாது என்றால் இன்றைக்குத் தொடங்க வேண்டாம். நகையை அடகு வைத்தோ, கிரெடிட் கார்டில் தவணை போட்டோ தொடங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் வேறு வழியே இல்லையா? இருக்கிறது. செமாக்ளூடைடுக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதற்கு முன்பே வீகோவி என்ற பெயரில் 2025 ஜூனில் ஆரம்ப அளவுக்கு மாதம் 17,345 ரூபாய் என்று அது இங்கே வந்தது, நவம்பரிலேயே ஆரம்ப அளவின் விலையை 10,850 ஆகக் குறைத்தார்கள், டிசம்பரில் அதே மருந்து சர்க்கரை நோய்க்கான ஓசெம்பிக் என்ற பெயரில், ஆரம்ப அளவு மாதம் 8,800க்கு வந்தது. காப்புரிமை முடிவதற்கு முன்னாலேயே விலை எப்படி இறங்கியது பாருங்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த லிராக்ளூடைடில் இது ஏற்கெனவே நடந்தது, 2024 ஜனவரியில் கிளென்மார்க் நிறுவனம் அதே மருந்தைத் தன் தயாரிப்பாகக் கொண்டுவந்தபோது சிகிச்சைச் செலவு சுமார் 70 சதவீதம் குறையும் என்று சொன்னார்கள். டிர்செபடைடுக்குக் காப்புரிமை முடிய இன்னும் பல வருடம் ஆகும். நேருக்கு நேர் வைத்துச் செய்த ஆய்வில் டிர்செபடைடு 20.2 சதவீதமும் செமாக்ளூடைடு 13.7 சதவீதமும் எடை குறைத்தன, ஆகவே டிர்செபடைடு வலுவானதுதான். ஆனால் என் அபிப்பிராயம் இது: உங்களால் தொடர்ந்து வாங்க முடிகிற செமாக்ளூடைடு, எட்டாவது மாதம் நிறுத்தப்போகிற டிர்செபடைடைவிட நல்லது. இதை டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். ‘டாக்டர், மாதம் என்னால் இவ்வளவுதான் முடியும், இதற்குள் என்ன செய்யலாம்’ என்று நோயாளி தொகையைச் சொன்னால் எங்களுக்கு உதவிதான், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

சரி, இவ்வளவு பணத்துக்கு உங்களுக்கு என்ன கிடைக்கும்? உங்களைப் போலவே சர்க்கரைக்கு முந்தைய நிலையும் உடல் பருமனும் இருந்தவர்களை 176 வாரம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. வெற்று ஊசி போட்டவர்களில் 100க்கு 13 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, டிர்செபடைடு போட்டவர்களில் 100க்கு ஒருவருக்கு. பெரிய வித்தியாசம், சந்தேகமில்லை. ஆனால் அதையே இன்னொரு பக்கத்திலிருந்தும் பாருங்கள், வெற்று ஊசி போட்ட 87 பேருக்கு அந்த மூன்றரை வருடத்தில் சர்க்கரை வரவில்லை. அவர்களுக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நம் சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்த நம் மக்களுக்கு வாழ்க்கைமுறை மாற்றம் மட்டுமே ஆபத்தை 28.5 சதவீதம் குறைத்தது, மெட்ஃபார்மின் மட்டும் 26.4 சதவீதம். அதில் கவனிக்க வேண்டியது, எடை பெரிதாகக் குறையாமலேயே அந்தப் பலன் வந்தது. மெட்ஃபார்மின் மலிவான மாத்திரை, அது உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை வைத்து உங்கள் அத்தைக்கு என்ன சொல்வது என்றால், அவர் சொல்வதில் பாதி சரி. நடந்தால் சர்க்கரைக்கு நல்லது, ரத்த அழுத்தத்துக்கு நல்லது, அதை ஊசி போட்டாலும் விடக் கூடாது. ஆனால் 92 கிலோவில் இருக்கும் உடம்பு நடையால் மட்டும் 75க்கு வந்து அங்கேயே நிற்பது மிக அரிது, அது உங்கள் மன உறுதிக் குறைவு இல்லை. எடை குறையக் குறைய உடம்பு பசியைக் கூட்டுகிறது, செலவழிக்கும் சக்தியைக் குறைக்கிறது, பழைய எடைக்கே இழுக்கப் பார்க்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். இத்தனை பேரும் சோம்பேறிகளாக இருக்க முடியாது. அப்புறம், ‘என் ஒருத்திக்காக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் நான் ஏற்கவில்லை. உங்கள் கணவருக்கு இதே எண்களும் இதே சீட்டும் இருந்தால் வீட்டில் இந்தக் கேள்வி எப்படி எழுந்திருக்கும் என்று யோசியுங்கள். செலவு கூடாது என்று முடிவு செய்தால் அது கணக்கைப் பார்த்துச் செய்த முடிவாக இருக்கட்டும், நீங்கள் வரிசையில் கடைசி ஆள் என்பதற்காக வேண்டாம்.

மருந்து பற்றிச் சில வார்த்தை. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு இவை சகஜம், அளவு ஏற்றும் வாரங்களில் அதிகம். பித்தப்பைக் கல் வரலாம், அரிதாகக் கணைய அழற்சி, முதுகுவரை பாயும் விடாத மேல்வயிற்று வலி என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த மருந்து கூடாது. கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் கட்டாயம் சொல்லுங்கள், டிர்செபடைடு தொடங்கும்போதும் ஒவ்வொரு முறை அளவு ஏற்றும்போதும் நான்கு வாரம் அந்த மாத்திரையை நம்ப முடியாது. குறையும் எடையில் கால் பங்கு போலக் கொழுப்பு இல்லாமல் தசையாகப் போகிறது, அதனால் தட்டில் சோறு குறையும்போது முட்டை, மீன், பருப்பு, சுண்டல் குறையக் கூடாது, தசைக்கான பயிற்சியும் வேண்டும். பேனாவைக் குளிர்பெட்டியில் வையுங்கள், ஃப்ரீஸரில் வேண்டாம். 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாத மருந்து, மே மாதச் சென்னையில் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாலே தாண்டிவிடும். எடை குறைப்பு மையங்களில் ‘பேக்கேஜ்’ என்று ஒரே பேனாவைப் பலருக்குப் பிரித்துப் போடுவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சீட்டு இல்லாமல், பில் இல்லாமல், மலிவாகக் கிடைப்பதையும் தொட வேண்டாம், போலி செமாக்ளூடைடு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கையே விட்டது.

நிச்சயமாகச் சொல்ல முடியாதவை எவை என்றும் சொல்லிவிடுகிறேன். எடை இறங்கிய பிறகு ஊசியின் இடைவெளியை நீட்டியோ அளவைக் குறைத்தோ செலவைப் பாதியாக்கிப் பலனை வைத்துக்கொள்ள முடியுமா என்பதற்கு உறுதியான பதில் மருத்துவத்தில் இன்னும் வரவில்லை. சிலர் அப்படிச் செய்து தாக்குப்பிடிக்கிறார்கள், யார் தாக்குப்பிடிப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. பத்துப் பதினைந்து வருடம் எடைக்காகவே இந்த அளவுகளில் போட்டுக்கொண்டவர்களின் அனுபவமும் உலகத்திலேயே இன்னும் இல்லை. இதய நோய் ஏற்கெனவே இருந்தவர்களில் செமாக்ளூடைடு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 20 சதவீதம் குறைத்தது என்பது 17,604 பேரை வைத்துச் செய்த ஆய்வில் உறுதியானது, ஆனால் இதய நோய் இல்லாத உங்களுக்கும் அதே அளவு பலன் என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

யார் பணம் தருவது என்பதில் வசதியான நாடுகளும் திணறுகின்றன. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் மருந்துத் திட்டத்தை உருவாக்கிய 2003ஆம் வருடச் சட்டமே எடை குறைக்கும் மருந்தை விலக்கியது, 2024இல் இதய நோய் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு கதவு திறந்தது. இங்கிலாந்தில் 2025 ஜூனில் அரசே டிர்செபடைடு தரத் தொடங்கியபோது முதலில் பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்து, எடையோடு சேர்ந்து வரும் நோய்களில் குறைந்தது நான்கு உள்ளவர்களுக்குத்தான் என்று வைத்து, எல்லோருக்கும் போய்ச் சேரப் பல வருடத் திட்டம் போட்டார்கள். 2025 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது, அதுவும் சர்க்கரை நோயோடு இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து, உடல் பருமனும் உள்ளவர்களுக்கு. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் நடக்கும் மாநிலம் நம்முடையது. விலை இன்னும் இறங்கும்போது, குறைந்தபட்சம் அதிக ஆபத்தில் இருப்பவர்களுக்காவது இந்த மருந்தை அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்ய வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் வயிற்றை வெட்டிச் சுருக்கும் அறுவைக்கு லட்சக்கணக்கில் தரச் சம்மதித்துவிட்டு, அந்த நிலைக்குப் போகாமல் தடுக்கக்கூடிய மருந்துக்கு ஒரு ரூபாயும் தராமல் இருப்பதை, உள்ளே இருந்து பார்த்த பிறகும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியது இது. எச்.ஆர்.க்கு அந்த மின்னஞ்சல் போகட்டும். ரத்த அழுத்த மாத்திரையை வெளியில் வாங்குகிறீர்கள் என்றால் பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து அங்கே இலவசமாக வாங்குங்கள், அல்லது முதல்வர் மருந்தகத்தில் விலை கேளுங்கள், சின்னத் தொகைதான், ஆனாலும் மிச்சம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கணவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள், செலவு இருவருடையது. அங்கே மூன்று மாதத்தில் எவ்வளவு குறைந்தால் தொடர்வது, எவ்வளவு குறையாவிட்டால் நிறுத்துவது என்று ஒரு எண்ணை முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முழு அளவில் சில மாதம் போட்டும் 5 சதவீதம்கூடக் குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் உடம்பில் வேலை செய்யவில்லை என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வோம், உங்கள் விஷயத்தில் 5 சதவீதம் என்பது நாலரைக் கிலோவைவிடக் கொஞ்சம் அதிகம். தொடங்கும் முன் சிறுநீரகம், ஈரல், தைராய்டு, கொழுப்பு இவற்றுக்கான ரத்தப் பரிசோதனை எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு எடுங்கள். எச்.ஆர். என்ன பதில் தந்தார்கள், பரிசோதனை எண்கள் என்ன வந்தன என்று இங்கேயே எழுதுங்கள், பெயர் விவரம் எதுவும் வேண்டாம், பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.